சிப்பாய்கள் தங்கிவிட்ட ஊரில் ஒரு நாள்

"எங்க ஊர்ல உங்க ஆளுங்க இருந்தாங்க. தெரியுமா?"

கோலாலம்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பீன்ஸ் தோழி ஒரு மதிய உணவு வேளையில் இப்படிக் கேட்டாள். மணிலாவுக்கு வேலைக்குப் போன இந்தியர்களைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், என் டப்பாவில் இருந்த கோழிக் கறியைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னது வேறு கதை. 260 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மெட்ராஸில் கப்பலேறிய சிப்பாய்களின் கதை.

பள்ளியில் நாம் படிக்காத வரலாறு இது. 1762இல் ஸ்பெயினும் பிரிட்டனும் போரில் இறங்கின. அப்போது பிலிப்பீன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. மணிலாவைப் பிடிக்கப் பிரிட்டிஷார் அனுப்பிய படை லண்டனிலிருந்து கிளம்பவில்லை, மெட்ராஸிலிருந்து கிளம்பியது. தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர், கப்பற்படைக்கு சாமுவேல் கார்னிஷ் தலைவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சுமார் 600 இந்தியச் சிப்பாய்களும் கப்பலில் இருந்தார்கள். கம்பெனியின் மெட்ராஸ் படையில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்த காலம் அது. அந்தக் கப்பல்கள் வழியில் நம் மலாக்காவில் நின்று தண்ணீர் ஏற்றிக்கொண்டு போயின.

அக்டோபர் 6ஆம் தேதி மணிலா விழுந்தது. 1764இல் பிரிட்டிஷார் நகரை ஸ்பெயினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். சிப்பாய்களில் சிலர் மட்டும் கப்பலேறவில்லை. படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற சிற்றூர்ப் பக்கம் தங்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள்.

என் தோழியின் ஊர் டாய்டாய். கைந்தாவுக்குப் பக்கத்து ஊர். "போய்ப் பாரேன். எங்க அண்ணன்கிட்ட வண்டி இருக்கு, ஒரே நாள்ல எல்லாத்தையும் காட்டுவாரு" என்றாள்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். நான், என் 12 வயது மகள், கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்த என் அப்பா. அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பேத்தியிடம் தமிழில்தான் பேசுவார். அவள் எல்லாம் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலோ மலாயிலோ பதில் சொல்வாள். எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். ஆனால் அப்பாவின் முகம் அப்போது கொஞ்சம் வாடுவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைந்தா கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "அங்க இன்னும் யாராச்சும் தமிழ் பேசறாங்களா?"

மதிலில் இருந்து தொடங்கினோம்

ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 மணிக்குத் தோழியின் அண்ணன் விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே மூத்த ஆண்களை 'கூயா' என்று அழைப்பார்கள். அண்ணன் என்று பொருள். அன்று முழுக்க எங்களுக்கு அவர் கூயாதான். மூத்த பெண்களுக்கு 'ஆத்தே'. அப்பாவின் காதில் அது 'ஆத்தா' என்றே விழுந்தது. மறுநாள்வரை அப்படியே அழைத்தார். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நிறுத்தம் இந்த்ராமுரோஸ். ஸ்பானியர் கட்டிய மதில் சூழ்ந்த பழைய மணிலா. பெரும்பாலான பயணிகள் நேரே சாந்தியாகோ கோட்டைக்குப் போவார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், தென்மேற்கு மூலையில் இருக்கும் சான் டியேகோ கொத்தளத்துக்குப் போனோம். 1586இல் ஒரு ஏசு சபைப் பாதிரியார் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய பழங்கோட்டை இது. இப்போது சுற்றிலும் பூந்தோட்டம். நடுவில் வட்ட வட்டமாகக் கல் அடித்தளங்கள். புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1762இல் பிரிட்டிஷாரின் பீரங்கிகள் குறிவைத்தது இந்த மூலையைத்தான். சுவர் உடைந்ததும் படை உள்ளே புகுந்தது. பிறகு நகரம் சூறையாடப்பட்டது. பத்து நிமிட நடையில் இருக்கும் சான் அகுஸ்தின் தேவாலயத்தையும் விட்டுவைக்கவில்லை. 1607இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயம் இன்று யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம்.

மதில்மேல் நின்று அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஆளுங்கன்னு பெருமையா வந்தேன். இவங்க வீட்ட இடிக்கத்தான் வந்திருக்காங்க" என்றார்.

உண்மைதான். சம்பளத்துக்கு வந்த சிப்பாய்கள் என்று நாம் சொல்லலாம். சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. கூயா மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பரவாயில்லை அங்கிள். வந்தவங்க துப்பாக்கியக் கீழ வெச்சுட்டாங்க இல்ல?"

தேவாலய வாசலில் பிபிங்கா

கைந்தா மணிலாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். வார நாளில் இரண்டு மணி நேரம்கூட ஆகுமாம். ஞாயிறு என்பதால் ஒரு மணி நேரத்தில் சேர்ந்தோம். கிராமம் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். ஓர்த்திகாஸ் சாலை முழுக்கப் பேரங்காடிகள், பெட்ரோல் நிலையங்கள், ஜீப்னிகள். பூச்சோங் பக்கம் போவதைப் போலத்தான் இருந்தது.

பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பினால்தான் பழைய ஊர் தெரிகிறது. நடுவில் 'ஒளியின் அன்னை' தேவாலயம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏசு சபையினர் கல்லால் எழுப்பியது. 1899இல் பிலிப்பீன்ஸ்-அமெரிக்கப் போரில் எரிந்துபோய், பல பத்தாண்டுகள் வெறும் சுவராக நின்று, 1960களில் மீண்டும் கட்டப்பட்டது. சிப்பாய்கள் இங்கே தங்கியபோது இதே இடத்தில் பழைய தேவாலயம் இருந்திருக்கிறது. அவர்களுடைய கல்யாணங்களும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் இங்கேதான் நடந்திருக்கும் என்று நினைத்தபோது, எனக்கு உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அப்பா படிக்கட்டின் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கறுத்த நிறம், பெரிய கண், எடுப்பான மூக்கு என்று கைந்தாக்காரர்களைப் பற்றி அந்தப் பக்கத்து ஊர்களில் சொல்வார்களாம். ஆனால் வெறும் முகத்தைப் பார்த்து வம்சத்தைச் சொல்ல முடியுமா என்ன? எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேரைக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பார்த்திருந்தால் தமிழிலேயே பேசியிருப்பேன்.

பக்கத்திலேயே பிபிங்கா கடை. கைந்தாவின் பெயரைச் சொன்னாலே அங்கத்தி மக்களுக்கு நினைவுக்கு வருவது மூன்று பலகாரங்கள்: சூமன், பிபிங்கா, லாத்திக். இந்த மூன்று பெயரையும் சேர்த்து 'சும்பிங்திக்' என்று ஊர்த் திருவிழாவுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிபிங்கா செய்வதைப் பார்ப்பதே ஒரு விருந்து. மண்சட்டியில் வாழையிலையை விரிக்கிறார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவை ஊற்றுகிறார்கள். கீழே கரி அடுப்பு. மேலே ஒரு தகரத் தட்டில் தணல். மேலும் கீழும் நெருப்பு பட்டு நடுவில் வேகிறது. மேலே உப்பு முட்டைத் துண்டு, பாலாடைக்கட்டி, கடைசியில் துருவிய தேங்காய். நம் குவே பிங்காவின் பெயரோடு ஒட்டும் பெயர். ருசி மட்டும் ஆப்பத்துக்கும் கேக்குக்கும் நடுவில். வாழையிலை கருகிய வாசனைதான் அதன் உயிர்.

கடையில் இருந்த அம்மாவுக்கு 65 வயதிருக்கும். அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "பும்பாய்?" என்று கேட்டார். இந்தியர் யாராக இருந்தாலும் அங்கே 'பும்பாய்'தான். பம்பாயிலிருந்து வந்த சொல்.

"மலேசியா. தமிழ்" என்றார் அப்பா.

கூயா தகாலோக் மொழியில் ஏதோ விளக்கினார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "சிபாய்!" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருடைய பாட்டி வழியில் யாரோ ஒருவர் சிப்பாயாம். வீட்டில் அப்படிச் சொல்லி வளர்த்தார்களாம். டயாப் என்ற பகுதியில் அப்படிச் சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்றார்.

அப்பா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் காலத்துச் சொல், பாட்டு, சாமி பெயர், ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் என் மகள் கேட்டாள்: "அவரோட பேரு என்ன?"

கூயா மொழிபெயர்த்தார். அந்த அம்மா சிரித்துவிட்டார். "பேரா? சிபாய்தான். வேற பேரு யாருக்கும் தெரியாது."

கிளம்பும்போது கூடுதலாக ஒரு பிபிங்காவைக் கட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு 'சலாமத் போ' என்றார். நன்றி என்று பொருள். காலையிலேயே கூயா சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கடைசிச் சொல் 'போ', மரியாதைக்காகச் சேர்ப்பது. "நம்ம 'வாங்க', 'சொல்லுங்க'ல வர்ற 'ங்க' மாதிரி" என்று அப்பா உடனே பிடித்துக்கொண்டார்.

காரே-காரே: பெயர் நம்முடையதா?

மதியச் சாப்பாட்டுக்கு லகூனா ஏரிக்கரையில் இருக்கும் அங்கோனோவுக்குப் போனோம். பிலிப்பீன்ஸிலேயே பெரிய ஏரி அது. உணவகத்தில் நான் தேடிப் போனது ஒரே பெயர்: காரே-காரே.

சிப்பாய்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கி, கையில் கிடைத்ததை வைத்துக் கறி சமைத்தார்கள், அதுதான் காரே-காரே ஆனது என்று கைந்தாவில் சொல்கிறார்கள். சமையலுக்குப் பெயர்போன பம்பாங்கா மாநிலத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அது எங்கள் உணவு என்கிறார்கள். இரண்டு கதைக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

சட்டியில் வந்ததைப் பார்ப்போம். வேர்க்கடலையை அரைத்துச் செய்த கெட்டிக் குழம்பு. அச்சுவெத்தே என்ற சிவப்பு விதையால் ஆரஞ்சு நிறம். அதில் வாழைப்பூ, கத்திரிக்காய், பயத்தங்காய், கீரை. கடலையும் அச்சுவெத்தேயும் ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்தவை. வழக்கமாக இதில் மாட்டு வாலைப் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள்.

இங்கேதான் எங்களுக்குச் சிக்கல். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. நம் பெயரைச் சுமப்பதாகச் சொல்லும் கறியை நாமே சாப்பிட முடியாதா என்று எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வந்தன. நல்லவேளை, இறால், கணவாய், சிப்பி போட்ட கடல் உணவுக் காரே-காரே இருந்தது. சொன்னால் வெறும் காய்கறியிலும் செய்து தருகிறார்கள்.

அப்பா ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "இது கறி இல்ல. சாத்தேவுக்கு ஊத்தற கச்சான் குழம்பு. அதுலயும் காரம் போட மறந்துட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மல்லி இல்லை, சீரகம் இல்லை, மிளகாய் இல்லை. பக்கத்தில் பாகோங் என்ற இறால் ஊறல் ஒரு கிண்ணத்தில் வருகிறது. நம் பெலாச்சானின் உறவு. அதைத் துளித் துளியாகத் தொட்டுக்கொண்டால்தான் குழம்புக்கு உப்பும் உயிரும் வருகிறது. இரண்டாவது கரண்டியில் அப்பா பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை சோறு கேட்டார். வாழைப்பூவை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டபடியே, "இத எங்க பாட்டி தோட்டத்துல செய்வாங்க" என்றார். அந்தக் கறியில் நம்முடையது எது என்று வரலாற்று அறிஞர்கள் சொல்லட்டும். அப்பாவுக்கு அந்த வாழைப்பூ போதுமானதாக இருந்தது.

அங்கோனோவுக்கு என்றே இருக்கும் உணவுகளையும் விட்டுவிடாதீர்கள். வேகவைத்துப் பொரித்த வாத்து இங்கே பிரபலம். தோல் மொறுமொறுப்பாக, எலும்புவரை மசாலா இறங்கியிருக்கும். ஏரியில் பிடிக்கும் கந்தூலி என்ற கெளுத்தி மீனில் புளிப்பு ரசம் வைக்கிறார்கள். இன்னொன்று பலாவ்-பலாவ். சோறும் சின்ன இறாலும் உப்பும் சேர்த்துப் புளிக்க வைத்தது, சிவப்பு நிறத்தில் இருக்கும். மலாக்காவின் சிஞ்சாலோக் பிடித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

பெயரில்லாத 127 பேர்

அங்கோனோ ஓவியர்களின் ஊர். நாட்டின் தேசியக் கலைஞர் பட்டம் பெற்ற ஓவியர் 'போத்தோங்' பிரான்சிஸ்கோவும் இசையமைப்பாளர் லூசியோ சான் பெத்ரோவும் இவ்வூர்க்காரர்கள். தெருவில் ஆங்காங்கே ஆளைவிட இருமடங்கு உயரத்தில் காகிதக்கூழ் பொம்மைகள் நிற்கின்றன. நவம்பர் 23ஆம் தேதி புனித கிளெமென்ட் திருநாளில் அவை ஊர்வலம் போகும். ஸ்பானிய நிலச்சுவான்தார்களைக் கேலி செய்யவே பண்ணையாட்கள் இடுப்பில் கைவைத்த இந்தப் பொம்மைகளை முதலில் செய்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க துரைக்கும் ஒண்ணு செஞ்சிருக்கலாம்" என்றார்.

ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் அங்கோனோ பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன. குன்றைக் குடைந்த ஒரு சுரங்க வழியில் நடந்து மறுபக்கம் வந்தால், சுமார் 60 மீட்டர் அகலத்தில் ஒரு பாறைக் குடைவு. அதன் சுவரில் மனிதரும் விலங்குமாக 127 உருவங்கள். வட்டத் தலை, முக்கோண உடம்பு, மடக்கிய கைகால். சின்னப் பிள்ளைகள் வரைந்ததைப் போல இருக்கும். புதிய கற்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, பிலிப்பீன்ஸில் இதுவரை தெரிந்த மிகப் பழைய கலைப்படைப்பு. 1965இல் சாரணர் பிள்ளைகளை நடைப்பயணம் அழைத்துப் போன அதே போத்தோங் பிரான்சிஸ்கோதான் இதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். அது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறை, விரல் பட்டாலே தேயும். அதனால் மரமேடையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

என் மகள் எண்ணத் தொடங்கி முப்பதோடு விட்டுவிட்டாள். "இவங்க பேரும் யாருக்கும் தெரியாது, இல்ல?" என்று கேட்டாள். அதைத் தமிழில் கேட்டாள். நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் வந்துவிடும்.

மாங்காய் என்ற சொல்

மாலை 5 மணிக்கு மலைமேல் இருக்கும் அந்திப்போலோவுக்கு ஏறினோம். காற்று குளிர்ந்தது. இங்குள்ள தேவாலயத்தில் இருப்பது 'அமைதிக்கும் நற்பயணத்துக்குமான அன்னை'. 1626இல் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த மரச் சிலை. பசிபிக் கடலைக் கடந்த கப்பல்களுக்கு அவளே காவல் என்று நம்பினார்கள். இன்றும் பயணம் கிளம்புவோர் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். புதுக் கார் வாங்கியவர்கள் வாசலில் நிறுத்தி மந்திரித்துக்கொள்கிறார்கள். பத்துமலை அடிவாரம் ஞாபகம் வந்தது.

"என் தங்கச்சியும் கோலாலம்பூருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வாரம் இங்க வந்தா. அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க" என்றார் கூயா. தினமும் என் எதிர் மேசையில் உட்காரும் தோழி. அவள் இங்கே மண்டியிட்டிருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அப்பா மெதுவாகச் சொன்னார்: "எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பலேறுறதுக்கு முன்னால நாகூர் தர்காவுக்குப் போய் வேண்டிக்கிட்டாராம். பாட்டி சொல்லுவாங்க."

தேவாலயத்தை ஒட்டி வரிசையாகக் கடைகள். அந்திப்போலோ என்றாலே சூமனும் முந்திரியும்தான். சூமன் என்பது தேங்காய்ப்பாலில் வேகவைத்த புலுட் அரிசியை ஓலையில் நீளமாகச் சுற்றிக் கட்டுவது. லெமாங் சாப்பிட்டுப் பழகிய நமக்குப் புதிதில்லை. இங்கே சர்க்கரைப் பாகோ, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த பொன்னிறத் திப்பியான லாத்திக்கோ சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். வறுத்த முந்திரி சுடச்சுடப் பொட்டலத்தில் கிடைக்கிறது.

ஒரு தள்ளுவண்டியில் பச்சை மாங்காயைக் கீறிக் குச்சியில் செருகி, மேலே பாகோங் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் எழுதியிருந்ததை மகள் படித்தாள்: "மங்கா. மலாய் மாதிரியே இருக்கே!"

"மலாய் இல்லடா. மாங்காய். நம்ம சொல்லு" என்றார் அப்பா.

நான் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. தமிழின் 'மாங்காய்' மலாயில் 'மங்கா' ஆகி, அங்கிருந்து தகாலோக்குக்குப் போயிருக்கிறது என்றுதான் மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். எந்தப் படையும் கொண்டுவராத சொல். கடைக்காரர்களும் கப்பல்காரர்களும் வாயோடு வாயாகக் கொண்டுபோனது. துப்பாக்கியோடு வந்த 600 பேரின் பேச்சில் அந்தப் பிபிங்கா அம்மாவின் வீட்டில் ஒரு சொல்லும் மிச்சமில்லை. யாரும் பெயர் வைக்காமல் வந்த ஒரு மாங்காய், தள்ளுவண்டி அட்டைவரை வந்து நிற்கிறது. தினமும் வாயில் வந்ததால் நிலைத்தது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மலையிலிருந்து பார்த்தால் கீழே மணிலாவின் விளக்குகள். மூவரும் சுவரில் சாய்ந்து மாங்காய் தின்றோம். புளிப்பில் அப்பாவின் கண் சுருங்கியது. அந்த விளக்குகளுக்கு நடுவில் எங்கோ கைந்தாவும் இருந்தது.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் மகள் தாத்தாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "தாத்தா, உங்க தாத்தா பேரு என்ன?"

அப்பா விடுதித் தாளில் எழுதினார். தன் பெயர், தன் அப்பா பெயர், கப்பலேறி வந்த தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர். நான்கு வரி. "அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. நானும் கேக்கல" என்றார்.

அவள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். கடைசியில் தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தாள். ஒரு கொம்பு விடுபட்டிருந்தது. தாத்தா போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இருக்கிறது.

நீங்களும் போவதென்றால்

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மணிலாவுக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேர வித்தியாசம் இல்லை. பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து 'இ-டிராவல்' பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மறக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் போங்கள், சாலை நெரிசல் குறைவு. நாள் முழுக்க ஓட்டுநரோடு வண்டி எடுத்தால் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சுலபம். இளையவர்கள் எல்ஆர்டி 2ஆம் தடத்தில் அந்திப்போலோ நிலையம்வரை போய், அங்கிருந்து ஜீப்னி பிடிக்கலாம். பாறைச் செதுக்கல்களைப் பார்க்கப் போகுமுன், அந்த இடம் திறந்திருக்கிறதா என்று தேசிய அருங்காட்சியகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையில் உதவும் சில சொற்கள்: 'வாலாங் பாகா' என்றால் மாட்டிறைச்சி வேண்டாம். 'வாலாங் பாபோய்' என்றால் பன்றி இறைச்சி வேண்டாம். மனோக் கோழி, இஸ்டா மீன், கூலாய் காய்கறி. காய்கறி உணவிலும் பாகோங் சேர்ப்பார்கள். சைவம் சாப்பிடுவோர் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு 'போ' சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கரண்டி சோறு கூடுதலாகவே வரும்.